பத்தாம் எண்ணில் இருந்த குரல்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து வண்டி வரவைச் சொல்லும் சுலோச்சனாவின் குரல், அவள் தொண்டையைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டுக்காரன் தண்டபாணியின் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குக் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். தாராபுரம் வண்டி உறுமிக்கொண்டு உள்ளே வர, அது வந்துவிட்டது என்கிற செய்தியில் பாதியை அவள் சொல்லி முடித்திருந்தாள். மீதிப் பாதி பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் கேட்கவில்லை. எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை மாடியில், ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்த தண்டபாணிக்குக் கேட்டது.

அந்தக் குரல் தேன் குரல், குயில் குரல் என்றெல்லாம் அளந்துவிட நான் தயாரில்லை. கொஞ்சம் மூக்கடைப்பு, கொஞ்சம் கரகரப்பு, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கும்போதே யாரையோ அதட்டப்போகிற மாதிரி ஒரு தோரணை. ஆனால் நம்பலாம். பழனி வண்டி கிளம்புகிறது என்று அவள் சொன்னால் அது கிளம்பியது. அவள் சொல்லாமல் கிளம்பின வண்டியில் எங்கள் ஊரார் ஏறமாட்டார்கள், டிரைவர் ஹாரன் அடித்துத் தொண்டைத் தண்ணி வற்றக் கூப்பிட்டாலும் "அந்தம்மா இன்னும் சொல்லுலீங்களே" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வாழைக்காய் மண்டியில் ஏலம் ஆரம்பிப்பதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவதும், பெண் பார்க்க வந்தவர்கள் "அப்ப வர்றோமுங்க" என்று எழுந்திருப்பதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

அந்தக் குரல் யாரைவிடவும் அதிகமாகத் தேவைப்பட்டது சௌமியாவுக்கு. சுலோச்சனாவுக்கும் தண்டபாணிக்கும் பிறந்த ஒரே மகள் அவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அதனால் அந்த வீட்டில் கண்டிப்பான கட்டுப்பாடு ஒன்று இருந்தது: குரல் கொடுக்காமல் குழந்தையை யாரும் தொடக்கூடாது. சத்தமில்லாமல் வந்து மேலே படுகிற கை அந்தக் குழந்தைக்குப் பாம்பு மாதிரி. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியம்மா பிரியத்தில் சும்மா கன்னத்தைக் கிள்ளப்போய், குழந்தை அலறிய அலறலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பையே நிறுத்திவிட்டார். ஆகவே சுலோச்சனா பஸ் வரவைச் சொல்வது மாதிரியே தன் வரவையும் சொல்வாள். "அம்மா வர்றேன் சாமி, இடது பக்கமா வர்றேன், இப்ப காதப் புடிக்கப் போறேன், இதா புடிச்சுட்டேன்." சௌமியா சிரிக்கும். குரல் முன்னால் வரும், கை பின்னால் வரும், இரண்டும் சேர்ந்தால் அம்மா.

தண்டபாணி கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேப் ரெக்கார்டர் ரிப்பேரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவன் அவன். அவனிடம் இருந்த கம்ப்யூட்டர் ஊமை; தப்பாக எதையாவது அழுத்தினால் கொட்டாவியில் பாதி நின்றுபோன மாதிரி ஒரு 'பீப்', அதோடு சரி. எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக் காட்டும் கம்ப்யூட்டர் இருக்கிறது, கண் தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டே படித்து ஆளாகிவிடலாம் என்று கோயமுத்தூரில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவனுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. மல்டிமீடியா கிட் என்று ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான். அதில் சவுண்டு கார்டு ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு, அந்தக் கார்டுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற டிரைவர் அடங்கிய பிளாப்பி ஒன்று.

பெட்டியைத் திறப்பது சுலபம், கார்டைச் சொருகுவதும் சுலபம், அதைப் பேச வைப்பதுதான் பிராணன் போகிற வேலை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானும் மூளையின் கவனத்தைத் தன் பக்கம் திருப்ப ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பேர் கூப்பிட்டால் மூளை குழம்பி, இரண்டு பேரையும் விட்டுவிட்டு உறைந்துபோய் உட்கார்ந்துகொள்ளும். காலியான எண்ணைக் கண்டுபிடிப்பது தண்டபாணியின் பாடு. அஞ்சாம் எண்ணில் வைத்தான், திரை உறைந்தது. மூன்றில் வைத்தான், மவுஸ் அம்பு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஏழில் வைத்தான், யாரும் கேட்காமல் பிரிண்டர் காகிதத்தைக் கக்கியது. ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அணைத்து, மூடியைக் கழற்றி, கார்டில் இருக்கிற கடுகளவு தொப்பியைச் சுலோச்சனாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடுங்கி அடுத்த கம்பியில் மாட்டி, மறுபடி விண்டோஸைத் துவக்கி, மறுபடி டிரைவரைச் சேர்த்து, மறுபடி கும்பிட்டான். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் பத்தாம் எண்ணில் வைத்தபோது திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: இந்த எண் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா? யாருடைய புழக்கத்தில் என்று அது சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வந்த கட்டத்தையெல்லாம் படிக்காமல் ஓகே கொடுக்கிற ஊர் இது. கொடுத்தான்.

"...வழியாகக் கரூர் செல்லும் பேருந்து நிலையத்தினுள் வந்துள்ளது" என்றது ஸ்பீக்கர். ஜன்னல் வழியாக வருகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அதே பெட்டி, "ஏனுங்ணா, மைக்கு போயிருச்சாட்ட இருக்குது, பாருங்ணா" என்று டைம்கீப்பரைக் கூப்பிட்டபோது வாயிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. படி இறங்கி, ரோட்டைக் கடந்து, கண்ணாடிக் கூண்டுக்கு ஓடினான். உள்ளே சுலோச்சனா வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு சத்தமும் இல்லை.

"பேசு புள்ள" என்றான்.

அவள் வாய் அசைந்தது. "என்னத்தப் பேசறதுங்க" என்று மாடியில் கேட்டதாக, டைப்பிங் படிக்க வந்திருந்த பெண்கள் பிற்பாடு சொன்னார்கள்.

செய்ததைத் திருப்பிச் செய்யத்தான் அவனும் முதலில் பார்த்தான். டிரைவரை எடுத்தால் குரல் பெட்டியிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. மறுபடி போட்டால் பெட்டிக்கே வந்தது. அஞ்சுக்கு மாற்றினால் ஆம்பிளைக் குரலாக வந்து அரை நிமிஷத்தில் உறைந்தது. ஏழுக்கு மாற்றினால் அவள் பேசுகிறதையெல்லாம் பிரிண்டர் அடித்துத் தள்ளியது, "சோறு கொழஞ்சு போச்சு" என்று ஒரு தாள் முழுக்க. கார்டு விற்ற கடைக்காரர் டெலிபோனில் "அந்த மாடல் நின்னுருச்சுங்க, வேற மாட்டிக்கங்க" என்றார். வேறு கார்டு வேறு யாருடைய தொண்டையைத் திறக்குமோ என்று பயந்து தண்டபாணி போனை வைத்துவிட்டான். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை வெகு ஜோராக இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு கியாரண்டி இருக்கிறதா என்று கேட்டார். இன்னொரு தொல்லை, அந்த டிரைவர் கம்ப்யூட்டருக்குள் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை துவக்கும்போதும் அந்த ஒரே பிளாப்பியைப் போட்டால்தான் குரல் வரும். அதை நகலெடுத்துப் பார்த்தான். நகலில் அவள் இருமல் மட்டும் வந்தது.

இனி ஊர் என்ன செய்யும்? ஒரு வாரம் வாயைப் பிளந்தது, பிறகு வசதி செய்து கொடுத்தது. எங்கள் ஊருக்கு அதிசயத்தை வைத்து அழத் தெரியாது, அதற்கு வயர் இழுக்கத்தான் தெரியும். மின்வாரியத்தில் வேலை செய்கிற ஒருவர் மாடியிலிருந்து வாழைக்காய் மண்டிக் கூரைமேல் வயர் இழுத்து பஸ் ஸ்டாண்டுக் குழாய் ஸ்பீக்கரில் கொண்டுபோய் மாட்டினார். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையக்கூடாது என்று லாரி ஆபீஸ்காரர்கள் பெரிய பேட்டரியைத் தூக்கிவந்து வைத்தார்கள். சுலோச்சனா பழையபடி கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வாயை அசைத்தாள், குரல் மாடிக்குப் போய் மண்டி வழியாகத் திரும்பி வந்து பழனி வண்டியை அனுப்பிவைத்தது. என்ன, அவள் வீட்டில் பேசுவதும் அதே வழியில்தான் வந்தது. "உடுமலை வழியாகப் பொள்ளாச்சி" முடிந்து கொஞ்ச நேரத்தில் "பால் பொங்குது, அடுப்ப அமத்துங்க" என்று குழாய் அலறினால் வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள், "வீட்டுக்குப் போயிருச்சாட்ட" என்று பொட்டுக்கடலையைக் கொறிப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை மூன்று பஸ் வரிசைக்கும் கேட்டது. மறுநாள் டீக்கடையில் தண்டபாணிக்கு அதற்குத் தீர்ப்பும் கிடைத்தது.

அதனால் அவள் வீட்டில் பேசுவதை விட்டுவிட்டாள். சிரிப்பதையும் விட்டுவிட்டாள், சிரிப்பும் குழாயில் வந்ததால். பக்கத்துவீட்டுப் பெண்கள் அவளைப் பார்க்க வீட்டுக்குப் போவது குறைந்துபோய், நேரே மாடிக்குப் போய்ப் பெட்டியிடம் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். வீட்டிலிருக்கிறவளுக்கு மாடியில் கேட்கிற கேள்வி எப்படிக் கேட்கும்? இவர்கள் மகளுக்கு வரன் அமையுமா என்று பெட்டியைக் கேட்பார்கள். அங்கே அவள் வாய் தவறிப் பூனையைப் பார்த்து "போ அந்தப் பக்கம்" என்பாள். இவர்கள் அதை மேற்குப் பக்கத்து மாப்பிள்ளைக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு, வேண்டாமென்று எழுதிப் போட்டுவிடுவார்கள். பெட்டிக்கு யாரோ பூ வைத்தார்கள். பூ வைத்ததை யாரும் எடுக்கவில்லை.

சௌமியாவைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. குரல் போன அன்றைக்குச் சாயங்காலம் சுலோச்சனா வீட்டுக்கு ஓடிவந்து, பழக்கத்தில், "அம்மா வர்றேன் சாமி" என்று வாயசைத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கினாள். கல்யாண வீட்டில் அலறிய அதே அலறலை அன்றைக்கு மறுபடி கேட்டார்கள். பிறகு குழந்தையை மாடிக்குத் தூக்கிப்போய்ப் பெட்டி முன்னால் உட்காரவைத்தார்கள். பெட்டியிலிருந்து அம்மா பேசியதும் அழுகை நின்றது. ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அதன் சல்லடையில் கன்னத்தை வைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா மெல்லக் கையை நீட்டினாள். குழந்தை அதைத் தட்டிவிட்டது.

"என்ற கைதான் சாமி, அம்மா கைதான்" என்றது பெட்டி.

"பொய்யி. அம்மா உள்ற இருக்குது. இது யாரோ."

குரல் முன்னால் இருந்து வருகிறது, கை பக்கத்தில் இருந்து வருகிறது, இரண்டும் எப்படி ஒரே அம்மா ஆகும்? அது சொன்னதில் என்ன தப்பு? வாரக்கணக்கில் தலை வாராமல், குளிக்காமல், அப்பா ஊட்டினால் மட்டும் நாலு வாய் தின்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே கிடந்தது. தண்டபாணிக்குத் தலை வாரத் தெரியாது. சடையைப் பின்னினால் கயிறு திரித்த மாதிரி இருந்தது. கடைசியில் ஊரே சேர்ந்து ஒரு யோசனை சொன்னது, நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள், சுலோச்சனாவும் ஆட்டினாள். பெட்டி பேசியது: "இப்ப ஒரு அக்கா வருவாங்க சாமி. நல்ல அக்கா. வலது பக்கமா வந்து தல சீவி உடுவாங்க. அழுகாம இருக்கோணும், என்ன?"

"அம்மா சொன்னாச் செரி" என்றது குழந்தை.

வலது பக்கமாக வந்த அக்கா, சுலோச்சனாதான், தலை சீவிவிட்டாள். குளிக்கவைத்தாள், பவுடர் போட்டாள், ஊட்டினாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெட்டியிலிருந்து அறிவிப்பு வந்தது, பின்னால் கை வந்தது. "மொள்ளங்க்கா, வலிக்குதுங்க" என்று சௌமியா மரியாதையாகச் சொல்லும். அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். மற்றபடி ஊர் இந்த ஏற்பாட்டை மெச்சிக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஆயுதம் எதுவும் வேலை செய்யாது. தறி ஓடாது, தராசு தூக்காது, கத்தரிக்கோல் வாய் திறக்காது, எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுக்கவைத்துவிடுவோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அதென்ன சலுகை? அதுவும் இத்தனை மாதமாகக் கண் அயராமல் உழைத்த கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். தண்டபாணிக்கு மனசில்லை. சுலோச்சனாதான் சரி என்றாள். முதல் நாள் சாயங்காலம் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி வழியாகச் சொன்னாள்: "நாளைக்கு ஒரு நா அம்மா பேசமாட்டேன் சாமி. அந்தக்கா கூட இரு, அவிங்க சொன்னபடி கேளு. நாளான்னிக்குக் காலைல அம்மா வந்தர்றேன்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

தண்டபாணி அணைத்தான். பிளாப்பியை எடுத்துத் துடைத்து, வெற்றிலைமேல் வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தான்.

மறுநாள் பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்த டிரைவர்கள் கும்பலாக மாடிக்கு வந்தார்கள். தங்கள் வண்டியைத் தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெட்டிக்கு மரியாதை செய்யாமல் எப்படி? அவர்களில் நாச்சிமுத்து என்கிற பழனி வண்டி டிரைவர் ரொம்பப் பக்திமான். சந்தனத்தைத் தானே அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குப் பொட்டு வைத்தார், கீபோர்டில் எழுத்துக்கு எழுத்து வைத்தார், மவுஸுக்கு வைத்தார். பிளாப்பியிடம் வந்ததும் நின்றார். எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது என்று அவருக்குத் தெரியும். அதன் மேலிருந்த தகரத் தகட்டை விரலால் நகர்த்தினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு முகம் தெரிந்தது. அந்த முகத்தில், நட்டநடுவில், கட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, தகட்டை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்டபாணி அப்போது எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விஜயதசமி அன்றைக்குக் காலையில் மாடிப்படி தெரியாமல் கூட்டம். சௌமியா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்டபாணி கம்ப்யூட்டரைத் துவக்கி, சூடம் காட்டி, பிளாப்பியைச் சொருகினான். அது மணலை மென்ற மாதிரி ஒரு சத்தம் போட்டது. திரையில் எழுத்து வந்தது: படிக்க முடியவில்லை. கைவிடவா, மறுபடி முயலவா, தோற்றுப்போகவா?

மறுபடி முயல என்பதை அழுத்தினான். மணல் சத்தம். அதே கேள்வி. மறுபடி அழுத்தினான். மறுபடி அதே கேள்வி. வெளியே எடுத்துத் தகட்டை நகர்த்திப் பார்த்தபோது காய்ந்த சந்தனம் பொருபொருவென்று உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தான். சந்தனம் வந்தது, சந்தனத்தோடு பழுப்பு நிறமும் வந்தது, பஞ்சு காவியாகி, பிளாப்பி அந்த இடத்தில் கண்ணாடியாகிவிட்டது. நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "சாமிக்குப் பொட்டு மூஞ்சிலதானுங் தம்பி வெக்கோணும்? சட்டை மேலயா வெப்பாங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவரை யாரும் திட்டவில்லை. அங்கே நின்ற யார் கையில் அந்தக் கிண்ணம் இருந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

சுலோச்சனா கூட்டத்துக்கு நடுவில் நின்று வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது.

ஊர் கொஞ்ச நாள் காத்திருந்தது, பிறகு இதற்கும் ஒரு ஏற்பாடு செய்தது. போனது போய்விட்டது, அதற்கு உண்டான காரியத்தைச் செய்து முடித்தால்தான் மனசு ஆறும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றி, நீர் ஊற்றிக் கழுவி, மாலை போட்டு வைத்து, பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். வந்தவர்கள் எல்லோரும் சுலோச்சனாவைக் கட்டிப்பிடித்து அவளுக்காக அவளிடமே துக்கம் கேட்டார்கள். சத்தம் போட்டு அழமுடியாத ஒரே ஆள் அங்கே அவள்தான். காரியச் சாப்பாட்டில் பாயசம் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு கண்ணாடிக் கூண்டுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். சுத்தமான குரல், நல்ல உச்சரிப்பு. முதல் சில நாள் அவள் சொன்ன வண்டியில் யாரும் ஏறவில்லை. பிறகு ஏறினார்கள்.

தண்டபாணி குழந்தையிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். இந்தக் கைதான் அம்மா கண்ணு, குரல் மட்டும்தான் போயிருச்சு என்றான். "அம்மாவே சொல்லுச்சு, அது வேற அக்கான்னு. அம்மா பொய் சொல்லாது" என்றது சௌமியா. அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, திரையில் நிற்கிற அந்தக் கேள்விக்கு மறுபடி முயல என்பதை அழுத்திக்கொண்டிருந்தான். டைப்பிங் படிக்க வந்த பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தை தினமும் காலையில் மாடிக்கு வந்து பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்காரும். சுலோச்சனா வலது பக்கமாக வருவாள். இப்போது அறிவிப்பு எதுவும் வருவதில்லை, ஆனாலும் குழந்தை அலறுவதில்லை; பழகிவிட்டது. ஒரு நாள் சடை பின்னிக்கொண்டிருந்தபோது சுலோச்சனாவின் கண்ணீர் குழந்தையின் மணிக்கட்டில் விழுந்தது. சௌமியா அதை மறு கையால் தொட்டுப் பார்த்தது.

"ஏனுங்க்கா, அழுகறீங்களா?"

சுலோச்சனா முந்தானையால் அந்த மணிக்கட்டைத் துடைத்துவிட்டாள்.

"அழுகாதீங்க்கா. எங்கம்மா வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்குது. வந்ததீமு உங்களப் பத்தி அதுகிட்டச் சொல்றனுங்க. நீங்க வலிக்காம நல்லாத் தல சீவுறீங்கன்னு சொல்றனுங்க. சொல்லட்டுங்களா?"

சுலோச்சனா சரி என்று தலையை ஆட்டினாள். குழந்தை பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

"சொல்லட்டுங்களா அக்கா?" என்று மறுபடியும் கேட்டது.